சாயப்பட்டறை அடுப்பும் சவுக்குத் தோப்பும்



காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். அந்தப் பட்டுக்குப் பின்னால் ஒரு விறகு அடுப்பும் எரிகிறது. எங்கள் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மெக்கானிக்கல் வகுப்பில் படித்த வெப்பப் பாடத்தை அந்த அடுப்போடு பொருத்திப் பார்த்ததே இக்கட்டுரை.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அவித்து அதை நீக்கினால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். பிறகு சாயம் ஏற்றவும் சூடு வேண்டும். அப்பாவின் பட்டறையில் இதற்கு நாளைக்கு சுமார் 100 கிலோ விறகு செலவாகிறது. விறகு விலை ஏறினால் கூலி உயர்வு தள்ளிப்போகும். ஆகவே இது எங்கள் வீட்டுச் சோற்றுக் கணக்கும்கூட.

ஈரத்துக்குக் கொடுக்கும் காசு

முழுவதும் காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ எரித்தால் அரை கிலோ கட்டைதான் எரியும், அது 2,250. உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே 300 போய்விடும். மிச்சம் 1,950தான். 20 சதவீத ஈரம் உள்ள காய்ந்த விறகோ சுமார் 3,480 தரும். பச்சை விறகு வாங்குகிறவர் தண்ணீரை எடை போட்டு வாங்குகிறார். புகையும் சேர்ந்து வரும். அந்தப் புகையை விழுங்குவது அடுப்படியில் நிற்கிற தொழிலாளிதான்.

விறகும் ஒரு பயிரே

விறகு எரித்தால் காடு அழியாதா என்று கேட்கலாம். எரிப்பதற்கென்றே நட்டு வளர்த்தால் அழியாது. 1860-களில் சென்னைப் பக்கத்துக் கடற்கரையில் ரயில் எஞ்சின் விறகுக்காகவே சவுக்கு நட்டார்கள். செய்யூர் பக்கத்து மணலில் இன்றும் சவுக்குத் தோப்புகளைப் பார்க்கலாம். (2019 முதல் அப்பகுதி செங்கல்பட்டு மாவட்டம்.)

சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃப்ராங்கியா என்ற நுண்ணுயிர் உண்டு. அது காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உரமாக்கித் தருகிறது. அதனால் சத்தில்லாத மணலிலும் மரம் வளரும். பழைய தோப்பு மண்ணைக் கொஞ்சம் நாற்றங்காலில் கலப்பது இதற்காகத்தான். மீட்டருக்கு ஒரு கன்று என்று நட்டால் ஏக்கருக்கு சுமார் 4,000 கன்று. ஐப்பசி மழையில் நட்டால் நன்றாக வேர் பிடிக்கும். நாலைந்து வருடத்தில் வெட்டலாம்.

நாலு ஏக்கர் கணக்கு

பட்டறைக்கு 300 வேலை நாளில் 30 டன் விறகு வேண்டும். ஏக்கருக்கு, காய்ந்த பின் 30 டன் தேறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருடம் ஒரு ஏக்கர் வெட்ட வேண்டும். நாலு வருடப் பயிர் என்பதால் நாலு ஏக்கர் தேவை. வெட்டிய ஏக்கரில் அந்த மழைக்கே மறுபடி நட வேண்டும். அதைத் தவறவிட்டால் நாலாம் வருடம் அடுப்பு அணையும்.

செய்யூர் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "மாப்ளே, எனக்கு இருக்கிறதே ஒரு ஏக்கர். அதை நாலாப் பிரிச்சு நட்டா, கடன்காரனுக்கு எதைக் கொடுக்கிறது? மொத்தமா வெட்டினாத்தான் மொத்தமா காசு" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர் நாலு பேர், வருடத்துக்கு ஒருவராக முறை வைத்து நடலாமே! அவரவருக்கு மொத்தப் பணம் கிடைக்கும். பட்டறைக்கு வருடந்தோறும் விறகு கிடைக்கும். இதைக் கேட்டதும் மாமா, "முதல் முறை யாருக்கு?" என்றார். அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஃபார்முலா இல்லை. கூடி உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: ஏரியிலும் நீர்வரத்துக் கால்வாயிலும் மரப்பயிர் வேண்டாம். விறகுக்காகத் தண்ணீரை இழந்தால் சாயம் போடவும் தண்ணீர் இருக்காது.

நண்பர்களே, உங்கள் ஊர் அடுப்பையும் இப்படி ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டையை இன்று எடை போடுங்கள். ஒரு மாதம் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடை எவ்வளவோ, அவ்வளவும் நம் வீட்டார் தண்ணீருக்குக் கொடுத்த காசு.

நடுவோம்! காயவைப்போம்! கணக்கோடு எரிப்போம்!