வலி என்னும் காவற்காரன்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது பெரியோர் வாக்கு. இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, வலியைப் பற்றி எங்களைப் பல நாட்கள் சிந்திக்க வைத்தது. அதன் பயனே இக்கட்டுரை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள், ஸ்பிரிட் விளக்கின் மேலிருந்து அப்போதுதான் இறக்கி வைத்த முக்காலியை எங்கள் தோழி ஒருத்தி தெரியாமல் தொட்டுவிட்டாள். சுடுகிறது என்று அவள் உணர்வதற்கு முன்பே கை பின்னுக்கு வந்துவிட்டது. இது அனிச்சைச் செயல் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கவனக் குறைவு என்று ஏசுவார்களோ எனப் பயந்து, பேனா மையைத் தடவிக்கொண்டு கையை மூடியே வைத்திருந்தாள். மறுநாள் காலை விடுதியில் வெதுவெதுப்பான பொங்கலைத் தொட்டதும் அவள் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. அதன் பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அவளுக்கு மருந்திட்ட பின் அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “சுட்ட முக்காலி நேற்றே ஆறிவிட்டது. அப்படியிருக்க, எல்லோரும் உண்ணும் பொங்கல் இவள் விரலை மட்டும் ஏன் சுட வேண்டும்?” எங்களுக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தபோது, அதற்கான விடை ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற ஒரு புரதத்தில் இருப்பதை அறிந்தோம். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி என்பது எங்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

படுக்கையறையில் ஓர் ஆய்வுக்கூடம்

ரீட்டா லெவி-மொந்தால்சினி 1909-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் டூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் தொழிற்கல்வி கற்பதை அவருடைய தந்தை விரும்பவில்லை. இருபது வயதில் தந்தையிடம் அனுமதி பெற்று, லத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றில் விட்டுப்போன பாடங்களை எட்டே மாதங்களில் படித்து முடித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1938-இல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழகக் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. அவர் மனம் தளரவில்லை. தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக மாற்றினார். தையல் ஊசிகளைத் தீட்டி நுண்ணிய கருவிகளாக்கினார். கோழி முட்டைகளுக்குள் வளரும் கருவில், நரம்புகள் எவ்வாறு வளர்கின்றன, ஏன் மடிகின்றன என்று ஆராய்ந்தார். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பம் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தபோது அங்கும் ஆய்வைத் தொடர்ந்தார்.

போர் முடிந்த பின், 1947-இல் விக்டர் ஹாம்பர்கர் என்ற அறிஞரின் அழைப்பை ஏற்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். சுண்டெலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால், நரம்பிழைகள் மிகுதியாக வளர்வதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது என்று அவருக்குத் தோன்றியது. 1952-இல் அத்தகைய எலிகளைத் தம்முடன் விமானத்தில் எடுத்துக்கொண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகருக்குப் போனார். அங்கே கண்ணாடித் தட்டில் நரம்பு முடிச்சையும் கட்டியின் துண்டையும் அருகருகே வளர்த்தபோது, ஒரே நாளில் நரம்பு முடிச்சைச் சுற்றிலும் இழைகள் சூரியக் கதிர்கள்போலக் கிளம்பின!

1953-இல் ஸ்டான்லி கோஹன் என்ற வேதியியல் அறிஞர் அவருடன் சேர்ந்தார். கட்டியின் சாற்றிலுள்ள சில பொருட்களைச் சிதைப்பதற்காக அவர் பாம்பு விஷத்தைச் சேர்த்தார். அந்த விஷத்திலேயே, தேடிய பொருள் கட்டியில் இருப்பதைவிடப் பன்மடங்கு இருந்தது! விஷம் சுரப்பது பாம்பின் உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற உறுப்பில்தானே என்று எண்ணி, சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தேடினார். அங்கும் அது நிறைய இருந்தது. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி. இருவருக்கும் 1986-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ரீட்டா அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து 2012-இல் மறைந்தார்.

கருவில் உயிர் காப்பது

நம் முதுகெலும்பின் இருபுறமும் சிறு சிறு நரம்பு முடிச்சுகள் உள்ளன. உணர்வு நரம்புச் செல்களின் உடல் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து ஓர் இழை தோலுக்கும், மற்றோர் இழை தண்டுவடத்துக்கும் செல்கின்றன. கால் கட்டைவிரலிலிருந்து வரும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது!

கரு வளரும்போது, தேவைக்கு அதிகமான நரம்புச் செல்கள் உண்டாகின்றன. தோல் முதலிய உறுப்புகள் நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சிறிதளவே சுரக்கின்றன. இழையின் நுனியில் உள்ள ‘ட்ரக்-ஏ’ என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொள்கிறது. அந்தச் செய்தி இழை வழியே செல்லின் உடலுக்குச் சென்று, “நீ பிழைத்திரு” என்று கூறுகிறது. அது போதிய அளவு கிடைக்காத செல்கள் மடிகின்றன. வலியையும் வெப்பத்தையும் உணரும் செல்களுக்கு இக்காரணி இன்றியமையாதது.

காயத்தில் வலி கூட்டுவது

நாம் வளர்ந்த பிறகு இப்புரதத்தின் வேலை மாறுகிறது. தோல் சுட்டுக்கொண்டாலோ வெட்டுப்பட்டாலோ, அங்குள்ள செல்களும் காயத்துக்கு உதவ வரும் வெள்ளணுக்களும் அதை மிகுதியாகச் சுரக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? கருவில் நரம்பைக் காத்த அதே பொருள், இப்போது நரம்பை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது.

அது எவ்வாறு? வலி நரம்பின் நுனியில் சிறு கதவு போன்ற ஒரு புரதம் உண்டு. டேவிட் ஜூலியஸ் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1997-இல் இதைக் கண்டறிந்தனர். இதற்காக அவர் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் பட்டால் அக்கதவு திறக்கும். மிளகாயின் காரப்பொருளான காப்சைசினும் அதே கதவைத் திறக்கும். மிளகாய் கடித்தால் “வாய் எரிகிறது” என்று நாம் சொல்வது எவ்வளவு பொருத்தம்!

நரம்பு வளர்ச்சிக் காரணி மிகும்போது அக்கதவு குறைந்த வெப்பத்திலேயே திறந்துகொள்கிறது. மேலும், செய்தி செல்லின் உடலுக்குச் சென்று சேர, புதிய கதவுகளும் செய்யப்பட்டு நுனிக்கு அனுப்பப்படுகின்றன. இதற்குப் பல மணி நேரமோ, ஓரிரு நாட்களோ ஆகும். சிஸ்டர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். பொங்கலின் சூடு கூடவில்லை. எங்கள் தோழியின் விரல் நுனியில் காவல் பலப்படுத்தப்பட்டிருந்தது. புண் ஆறும்வரை அந்த விரலைப் பயன்படுத்தாதே என்பதே அந்த வலியின் கட்டளை.

வலியே இல்லாவிட்டால்?

வலியே இல்லாதிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. அப்படியும் சில குழந்தைகள் பிறக்கின்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு ‘ட்ரக்-ஏ’ ஏற்பியின் மரபணுவிலேயே குறை இருப்பதை 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அக்குழந்தைகளின் வலி நரம்புகள் கருவிலேயே மடிந்துவிடுகின்றன. அவர்கள் தம் நாக்கையும் விரல்களையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றனர். எலும்பு முறிந்தாலும் அழுவதில்லை. வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் நரம்புகளும் இல்லாததால், கடுங்காய்ச்சலில் உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வுண்மையை உணர்த்தியவர் ஒருவர் உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலர் நம்பினர். நோய்க் கிருமி நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடிப்பதாலும், காயத்தோடு வேலை செய்வதாலுமே விரல்கள் சிதைகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். நரம்பு கெடும் காரணம் வேறானாலும், வலியை இழந்தவரின் நிலை ஒன்றே.

மருந்து தேடிய கதை

எங்களில் பலரது பாட்டிமார் மூட்டு வலியால் படும் துன்பத்தை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் ஒன்றை அறிஞர்கள் மூட்டு வலிக்கு மருந்தாகச் சோதித்தனர். அதன் பெயர் டானெசுமாப். பலருக்கு வலி குறைந்தது. ஆயினும் சிலருக்கு மூட்டுகள் மிக வேகமாகத் தேய்ந்துபோயின. இதனால் 2010-இல் சோதனைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர் தொடர்ந்தும், 2021-இல் மருந்து முயற்சி கைவிடப்பட்டது. அடங்காத வலி கொடியதுதான். அதைத் தணிக்க வேண்டும். ஆனால் காவலும் போய்விடக் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பது எளிதன்று. நாளை எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி அவ்வழியைக் கண்டால் எங்கள் பாட்டிமார் மகிழ்வார்கள்.

முடிவுரை

எங்கள் தோழியின் விரல் இப்போது நன்றாக ஆறிவிட்டது. சுட்ட உடனே பேனா மையோ பற்பசையோ தடவாமல், குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்று வகுப்பில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே, “உடனே பெரியவர்களிடம் சொல்” என்றும் எழுதியிருக்கிறோம். அதை எழுதச் சொன்னவள் அந்தத் தோழியே.

அவளுடைய விரல் அன்று தன் கடமையைச் செய்தது. சொல்ல அஞ்சியது அவள் மனந்தான். அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்தும் நாங்கள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் உடலில் வலியைச் சொல்லக் காவற்காரன் இருக்கிறான். பிறர் வலியை நமக்குச் சொல்ல நரம்பு கிடையாது; நாம்தான் கேட்டு அறிய வேண்டும். தங்கைமார்களே, உங்கள் வலியை மறைக்காதீர்கள். தோழியின் முகம் வாடியிருந்தால் கேளுங்கள்.