தலைமன்னாரில் அணில் பார்க்கும் தம்பிக்கு



அணில்களைப் பற்றிய அவதானக் குறிப்புப் புத்தகமொன்றை நீர் ஆரம்பித்திருக்கிறீர் என்றும், மன்னார்த் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாலும் ஒரே ஜாதி அணிலைத் தவிர வேறெதுவும் கண்ணிற் படாமையினால் உமது உற்சாகம் குன்றி வருகிறது என்றும் அறிந்தே இதனை எழுதுகிறேன். வடக்கிலே இதே முயற்சியில் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதைப் பகிரங்கக் கடிதமாக வைக்கிறேன். உமது மனக்குறையை நான் குறையாகக் கொள்ளவில்லை. ஒரே ஜாதிப் பிராணி வாழும் இடத்திற் பழகுகிறவனுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பிராணியைப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

ஆயினும் பெயரை உறுதியாகச் சொல்வதற்குரிய நியாயங்களை நீர் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் அணிற் குடும்பம் பெரிதன்று: முதுகிற் கோடுள்ள சிற்றணில்கள் மூன்று, மர அணில் என்று சொல்லப்படும் பெரியது ஒன்று, இரவில் மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் பறக்கும் அணில்கள் இரண்டு. சிற்றணில்களில், முதுகின் நடுக்கோடு தீக்கொழுந்தின் நிறத்தில் ஒளிரும் லேயாட் அணிலும், கோடுகள் மங்கித் தோன்றும் கருமையான காட்டணிலும் தென்மேற்கு ஈரவலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. அந்தக் கருமையான அணிலை மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள அணிலோடு ஒன்றாகவே நெடுங்காலம் எண்ணிவந்தனர். 2012ஆம் ஆண்டிலே ரஜித் திசாநாயக்க, தத்சுவோ ஒஷிதா என்னும் ஆய்வாளர் இருவரும் அது வேறான ஜாதி, இலங்கைக்கே சொந்தமானது என்று நிறுவினர். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், மன்னார்த் தீவின் பனங்கூடலிலும் கிடுகுவேலியிலும் ஓடித் திரிவது, 1766இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய மூவரி அணில் ஒன்றே.

மூவரி என்பதில் ஒரு சிறு எச்சரிக்கை வேண்டும். எண்ணப்பட வேண்டியவை வெளிறிய கோடுகள். அவற்றுக்கிடையே ஓடும் கருநிறப் பட்டைகளையும் சேர்த்து எண்ணிவிட்டு ஐந்து என்று எழுதுவோர் பலர். ஐவரி அணில் என்று வேறொரு ஜாதி உண்மையில் உண்டு. அதற்கு விலாப்புறத்தில் மங்கலான இரண்டு கோடுகள் மேலதிகமாக இருக்கும். ஆனால் அது வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும், ஈரான்வரையிலும் பரந்து வாழ்வது, இலங்கைக்கு உரியதன்று. வட இந்தியாவிலே பிடித்த படங்கள் நமது பிள்ளைகளின் புத்தகங்களிலும் கைத்தொலைபேசிகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. படத்தை முதலிற் பார்த்துவிட்டு மரத்தைப் பிறகு பார்க்கிறவனுடைய கண், படத்தில் உள்ளதையே மரத்திலும் காணும். ஆகையால் உமது புத்தகத்தில் முதலிற் கோடுகளை வரையும், அதன் பிறகு எண்ணும், எல்லாவற்றுக்கும் பின்னரே பெயரை எழுதும்.

வடபுலத்து அணிலைப் பற்றிய விவாதம் பழையது. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் நூதனசாலைக்குப் பொறுப்பாயிருந்த எட்வர்ட் பிளைத் என்பவர் 1849இல் வட இலங்கை அணிலைத் தனியொரு ஜாதியாகவே கருதி, இலங்கை சிவில் சேவையிலிருந்த புரோடி என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். பிற்காலத்தார் அதனை மூவரி அணிலின் உட்பிரிவாக அடக்கினார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்துகொண்டே இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் பெருநூல் வெளியிட்ட பிலிப்ஸ் போன்றோர் நிறத்தின் சிறு வேறுபாடுகளைக் கொண்டு உட்பிரிவுகளை வகுத்தனர்; இன்றைய அறிஞரோ அத்தகைய பிரிவுகளை அவ்வளவு உறுதியாக ஏற்பதில்லை. இதிலே உமக்கொரு வேலை இருக்கிறது. தெற்கே உறவினர் வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள அணிலின் முதுகு, விலா, வயிறு, வால் ஆகியவற்றின் நிறத்தைக் காலை வெளிச்சத்தில் எழுதிவாரும். தீவின் அணிலையும் அதே வெளிச்சத்தில் எழுதி இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாரும். மாலை வெயிலில் எல்லா அணிலும் செம்மை பூண்டிருக்கும். அதை நம்பி எதையும் எழுதவேண்டாம்.

நீர் குடியிருக்கும் இடமோ வேறெந்த மாணாக்கனுக்கும் வாய்க்காதது. தலைமன்னாரின் மணற்றிட்டுகளிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். இடையிலுள்ளது ஆதாம் பாலம் என்றும் இராமர் சேது என்றும் வழங்கும் ஆழமற்ற திட்டுகளின் வரிசை. அணிலின் முதுகிலே கோடு விழுந்த கதை இந்தச் சேதுவோடு பிணைந்தது என்பதை உமக்குச் சொல்லவேண்டியதில்லை. அணை கட்டுவதற்கு உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையிலே போற்றியிருக்கிறார். வான்மீகத்தில் அந்தக் கதை இல்லை. பக்தியின் சாட்சியம் அவ்வாறிருக்க, பூமிசாஸ்திரத்தின் சாட்சியமும் வியப்பிற் குறைந்ததன்று. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல் மட்டம் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை அன்று தரையாகவே கிடந்தது. இராமேசுவரத்து வீட்டுக்கூரையில் ஓடும் அணிலும் உமது வேலியில் ஓடும் அணிலும் ஒரே ஜாதியாயிருப்பதற்குக் காரணம் அந்தத் தரைவழி. 1914இல் தொடங்கிய, தனுஷ்கோடி வழியான புகையிரதமும் கப்பலுமான போக்குவரத்து 1964ஆம் ஆண்டுப் புயலில் அவ்வூர் அழிந்ததோடு முறிந்துபோயிற்று. அணிலின் பிரயாணமோ அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது.

மர அணிலைக் காணவேண்டும் என்ற உமது ஆவலை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதனைத் தீவிலே தேடவேண்டாம். தலையும் உடலும் ஓர் அடிக்கு மேல், அதற்குக் குறையாத நீளத்தில் நரைகலந்த வால், உச்சந்தலையிற் கருமை, ஒன்றரை முதல் இரண்டு கிலோ நிறை: நூறு கிராம் அளவே நிறையுள்ள வீட்டணிலோடு அதனை மயங்குவதற்கு இடமேயில்லை. நிலத்தில் இறங்குவதை அது விரும்பாது. கிளையோடு கிளை பின்னிய உயர்ந்த மரவரிசை அதற்கு வேண்டும். அத்தகைய மரவரிசை மன்னார்த் தீவில் இல்லை. பெருநிலத்தில் அருவியாற்றங்கரை போன்ற இடங்களில், மருதும் புளியும் நிழல் செய்யும் ஆற்றோரக் காட்டிலே, அதிகாலையில் அண்ணாந்து பாரும். முதலில் இலைகளாற் கட்டிய பெருங்கூட்டைத் தேடும். வெறும் கூட்டைக் கண்டால் “கூடு” என்று மாத்திரம் எழுதும், “அணில்” என்று எழுதவேண்டாம். காட்டுக்குள் போகுமுன் அவ்விடத்து உத்தியோகத்தரிடமும் ஊராரிடமும் கேளும். யுத்தம் நடந்த பூமியில் அறியாத பாதையிற் காலடி வைப்பது வீரமன்று. தமிழ்நாட்டிலே இதே மர அணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் ஒரு சரணாலயத்தையே ஏற்படுத்தினார்கள்.

அந்த மர அணிலின் பெயரோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியை, கையிற் பென்சிலை எடுக்கக் கூசுகிறவர் நீர் என்று கேள்விப்பட்டதனாற் சொல்கிறேன். தோமஸ் பென்னன்ட் என்னும் ஆங்கிலேயர் 1769இல் வெளியிட்ட இந்தியப் பிராணி நூலிலேதான் அது முதன்முதலாகச் சாஸ்திர உலகுக்கு அறிமுகமாயிற்று. அந்த நூலுக்குப் பெரும்பாலும் ஆதாரமாயிருந்தவை, இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த லோட்டன் எழுதுவித்து எடுத்துச் சென்ற ஓவியங்கள். அவற்றைத் தீட்டியவரோ இலங்கையிலேயே பிறந்த பீட்டர் கோர்னெலிஸ் த பெவெரே. இந்த நாட்டில் வளர்ந்த ஒருவருடைய கையும் கண்ணும் செய்த வேலை ஐரோப்பியச் சாஸ்திரத்துக்கு அத்திவாரமாயிற்று. ஆகையால் வரையும், அழகாயிராவிட்டாலும் வரையும். பாளையிலே தலைகீழாகத் தொங்கும்போது பின்னங்கால் எவ்வாறு திரும்பி மரத்தைப் பற்றுகிறது, உட்கார்ந்து கொறிக்கும்போது வால் முதுகோடு எவ்வாறு கிடக்கிறது என்பவற்றை வரையாமற் பார்க்கிறவன் பாதியையே பார்க்கிறான். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிராணிகளைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளும்.

கண்ணைவிடக் காது இந்த வித்தையில் அதிகம் உதவும். அணில் சத்தமிடுவதை ஊரார் பொதுவாக ஒரே கத்தலென்று கொள்கிறார்கள். நீர் அப்படிக் கொள்ளலாகாது. பூனையையோ பாம்பையோ கண்டுவிட்டால் அது மரத்தில் ஓரிடத்தைப் பற்றி நின்றுகொண்டு, ஒவ்வொரு குரலுக்கும் ஒருமுறை வாலைச் சொடுக்கி, அபாயம் அகலும்வரை விடாமற் கத்தும். அப்போது அதன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் பகைவன் இருக்குமிடம் உமக்கும் தெரியவரும். வைரி தலைக்குமேல் வரும்போது பெரும்பாலும் அந்த நீண்ட கூச்சல் இராது. கங்குமட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமற் கிடக்கும். தவிட்டுக்குருவிகள் கத்தத் தொடங்கினால் அணிலும் விழித்துக்கொள்கிறதா, அணில் கத்தினால் குருவிகள் செவிசாய்க்கின்றனவா, இவற்றில் முந்துவது எது என்பதை உம்மைப்போல் ஒரே வளவில் நாள்தோறும் இருந்து பார்க்கிறவனே சொல்லமுடியும். சோளகம் வீசும் மாதங்களில் காவோலையின் சலசலப்பு எல்லாக் குரலையும் விழுங்கிவிடும். அந்தக் காலத்தில் காற்று எழுமுன் விடியற்புறத்தில் கேட்கப் பழகும். நடுப்பகல் வெயிலில் அணிலும் ஓய்கிறது, நீரும் ஓயலாம்.

ஒரே ஜாதியாயினும் ஒவ்வோர் அணிலும் வேறு. கிழிந்த காது, நுனியிழந்த வால், மார்பிலே பால் கொடுக்கும் அடையாளம், இளங்குட்டியின் மெலிந்த வால் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு மூன்றைப் பிரித்தறியப் பழகிவிட்டீரானால், பனங்கூடல் முழுவதும் உமக்கு வேறோர் ஊராகத் தோன்றத் தொடங்கும். எந்த அணில் எந்த மரத்துக் கள்ளுமுட்டியை நாடுகிறது, எது பன்னாடையைக் கிழித்து வட்டுக்குள்ளே கூடு வைக்கிறது, எது எதைத் துரத்துகிறது என்று எழுதும். கூட்டைக் கலைத்துப் பார்க்கவேண்டாம். படத்துக்காகத் தீனி போட்டு இறக்கவும் வேண்டாம். குட்டி கீழே விழுந்து கிடந்தால் பூனைக்கும் காகத்துக்கும் எட்டாதவாறு ஒரு சிரட்டையிலோ பெட்டியிலோ இட்டு அதே மரத்தடியில் வைத்துவிட்டு விலகி நில்லும். தாய் வந்து வாயிற் கவ்விக்கொண்டு போவதுண்டு. வளர்க்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோகும் குட்டிகளிற் பல இறந்துபோகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் சொல்லவேண்டியது நேர்மையைப் பற்றியது. அரியதைக் கண்டேன் என்று எழுதும் ஆசை இளம் வயதில் பெரிது. அந்தி நேரத்தில் மரத்திலேறிய மரநாயைப் பறக்கும் அணிலாகவும், வேலியிற் பாய்ந்த கீரியை மர அணிலாகவும் மனம் ஆக்கிவிடும். ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதும். எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் கண்டீர் என்பதையும் எழுதும். ஒரு பொய்யான அரிய பெயர், பக்கத்திலுள்ள நூறு உண்மையான சாதாரணக் குறிப்புகளையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். 2015இல் ஆதாம் பாலத் திட்டுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. வங்காலைச் சரணாலயம் 2010முதல் ராம்சார் ஈரநிலமாயிருக்கிறது. அங்கெல்லாம் வலசைப் பறவைகளை எண்ணப் பிறநாட்டாரும் தென்னாட்டாரும் வருகிறார்கள். வேலியிலுள்ள அணிலை எண்ண எவரும் வருவதில்லை. தீவின் தென்கரையில் காற்றாலைகள் எழுந்துவிட்டன, பனைகள் தறிக்கப்படுகின்றன, வேலிகள் மதில்களாகின்றன. இந்த மாற்றங்களினால் அணிலின் வாழ்வு எவ்வாறு மாறுகிறது என்பதை எழுதிவைக்க அங்கேயே வாழும் ஒருவர் வேண்டும்.

ஆகவே, தம்பி, ஒரு பனங்கூடலைத் தேர்ந்துகொள்ளும். திகதி, நேரம், காற்று, மரம், கண்ட செயல் ஆகியவற்றைத் தமிழிலேயே, உமது ஊரார் வழங்கும் மரப் பெயர்களோடும் காற்றின் பெயர்களோடும் எழுதும். ஆண்டு முடிவில் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வைத்துவிடும். உமக்குப் பின் வருகிற பிள்ளை அதிலிருந்து தொடங்கட்டும்.