தக்காளி: கடைசிப் பறிப்பை வீணாக்காதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் நட்ட தக்காளி சித்திரையில் ஓயத் தொடங்கும். இலைகள் பழுத்துவிடும். கிணற்றிலும் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். ஆனால் செடியில் மட்டும் பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி அடைமழையில் சிக்கிக்கொள்ளும் தோட்டத்திலும் இதே நிலைதான். இனி இது எங்கே பழுக்கப் போகிறது என்று பலர் காயோடு சேர்த்து ஏர் ஓட்டிவிடுகிறார்கள். பாடுபட்டு வளர்த்த காயை இப்படி மண்ணில் புதைக்க வேண்டியதில்லை. அவற்றில் முற்றிய காய்கள் அனைத்தையும் வீட்டிலேயே பழமாக்கிவிடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

வாழை, மாம்பழம் போலத் தக்காளியும் பறித்த பிறகு பழுக்கக்கூடியது. காய் முற்றியதும் அதற்குள்ளேயே எதிலீன் என்ற வாயு உண்டாகிறது. இந்த வாயுதான் காயைப் பழமாக்குகிறது. ஆனால் பிஞ்சில் பறித்த காய்க்கு இந்தச் சக்தி வந்திருக்காது. எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது சுருங்கி வெம்புமே தவிர, ருசியான பழமாகாது. எனவே முற்றிய காயையும் பிஞ்சையும் பிரித்தறிவதுதான் முக்கியமான வேலை.

முற்றிய காய் பளபளப்பாக இருக்கும். அதன் அடிப்பாகம், அதாவது காம்புக்கு எதிர்ப்புறம், கரும்பச்சை மாறி வெளிர்பச்சையாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கொழகொழப்பான சதை நிறைந்து, விதைகள் கத்திக்குப் பிடிபடாமல் வழுக்கி விலகினால் காய் முற்றிவிட்டது. கத்தி விதைகளையும் சேர்த்து வெட்டினால் அது பிஞ்சு. அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசிக் காய்கள் சிறுத்திருந்தாலும் முற்றியிருக்கும்.

அடிப்பாகத்தில் லேசாகச் சிவப்புத் தட்டிய செங்காயாக இருந்தால் இன்னும் நல்லது. செங்காயாகப் பறித்துப் பழுக்க வைத்ததற்கும் செடியிலேயே பழுத்ததற்கும் ருசியில் அதிக வித்தியாசம் தெரியாது.

பழுக்க வெயில் வேண்டும் என்று எண்ணிக் காய்களைக் கூரை ஓட்டின் மேலும் திண்ணையிலும் பரப்புகிறவர்கள் உண்டு. இது தவறு. காய் பழுக்க வெளிச்சமே தேவையில்லை. வெயிலோ கெடுதல் செய்கிறது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் என்ற நிறமி 20 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் நன்றாக உண்டாகும். 30 டிகிரிக்கு மேல் போனால் அது உண்டாவது தடைப்படும். மஞ்சள் நிறமி மட்டும் மிஞ்சும். சித்திரை வெயிலில் செடியிலேயே விட்ட பழங்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் போவது இதனால்தான். உரக் குறை என்று எண்ணி அந்த நேரத்தில் உரம் வாங்கிப் போடுவது வீண் செலவு. காயைப் பறித்து வீட்டில் மிகவும் குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே இதற்கு வழி.

பனி ஈரம் உலர்ந்த பிறகு காலையில் பறியுங்கள். காம்பை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு காயின் காம்பு மற்றொன்றைக் குத்தி, அந்த இடத்தில் அழுகல் தொடங்கும். கழுவ வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உள் அறையில் கட்டிலுக்கு அடியில் அல்லது தானியக் குதிர் ஓரத்தில் வைக்கோல் பரப்பி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். அறை சூடாக இருந்தால் சன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடலாம். ஈரம் காயின் மேல் படக் கூடாது.

விரைவில் பழுக்க வேண்டுமானால் கனிந்த வாழைப்பழம் இரண்டைக் காய்களின் நடுவே வைத்துச் செய்தித்தாளால் மூடுங்கள். வாழைப்பழத்திலிருந்து வரும் எதிலீன் காய்களைத் தூண்டும். செங்காய் ஒரு வாரத்துக்குள்ளும், முற்றிய பச்சைக்காய் இரண்டு வாரத்திலும் பழுத்துவிடும். தினமும் ஒருமுறை பார்த்து, அழுகியதையும் பழுத்ததையும் எடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் பச்சைக்காயை வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழ் சில நாட்கள் இருந்த காய், பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. புள்ளி விழுந்து அழுகும்.

வாழைத்தாருக்குப் போடும் புகைமூட்டம் தக்காளிக்கு ஒத்துவராது. அந்தச் சூட்டில் பழம் மஞ்சளாகிவிடும். கால்சியம் கார்பைடு கல்லைக் கிட்டேயே சேர்க்க வேண்டாம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நஞ்சுகள் கலந்திருக்கும். அதைக் கொண்டு பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் இந்த விளையாட்டு எதற்கு?

பறிக்கும்போதே துளை விழுந்த காய்களையும், இலைக்கருகல் தாக்கிய செடியின் காய்களையும் தனியே பிரித்துவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கருகல் நோய்க் காய் இரண்டு நாளில் பழுப்புத் திட்டு விழுந்து, பக்கத்துக் காயையும் கெடுக்கும். மருந்து தெளித்திருந்தால், அதன் மேலுறையில் குறித்துள்ள நாட்கள் கழிந்த பின்பே பறிக்க வேண்டும்.

அடுத்த போகத்தில் முன்கூட்டியே ஒன்று செய்யலாம். பூ பிடித்துக் காய் முற்றுவதற்குச் சுமார் 40 நாட்கள் ஆகும். கடைசிப் பறிப்புக்கு 40 நாட்களுக்குள் விரியும் பூக்களால் பயனில்லை. கொம்பு கட்டி வளர்க்கும் உயர ரகங்களில் அந்தச் சமயத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால், சத்து இருக்கிற காய்களுக்குப் போகும். குட்டை ரகங்களில் நுனி தானாகவே நின்றுவிடும். யூரியாவையும் அப்போதே நிறுத்திவிடுங்கள். காயில் வெயில் படட்டும் என்று இலைகளை உருவிவிடக் கூடாது. வெயில் சுட்ட காயில் வெள்ளைத் திட்டு விழும்.

விற்பனைக்கு அனுப்புவோர் நிறம் பார்த்துத் தரம் பிரித்தால் கலப்பு என்று விலை குறைக்க இடமிராது. கோயம்பேடு போன்ற தொலைதூரச் சந்தைக்குச் செங்காயும், உள்ளூர்ச் சந்தைக்குச் சிவந்த பழமும் ஏற்றவை. பி.கே.எம். 1 ரகத்தில் காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் காணப்படுவது ரகத்தின் இயல்பு. அது மறையட்டும் என்று காத்திருந்தால் பழம் குழைந்துவிடும்.

மிஞ்சிய பிஞ்சுகளையும் எறிய வேண்டாம். பருப்போடு சேர்த்துக் கூட்டு வைக்கலாம். நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய், புளி, வெல்லம் சேர்த்துத் தொக்காகக் கிண்டி வைத்தால் கம்பங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளச் சில வாரங்களுக்கு வரும்.