விசா வேறு, வசிப்பு அனுமதி வேறு

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது மூன்றாவது தலைமுறை கிளம்பிக்கொண்டிருக்கிறது. தாத்தா திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ரயிலேறி மும்பைக்கு வந்தார். அப்பா இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்த்தார். பேரனோ பேத்தியோ ஜெர்மனிக்குப் போகிறார்கள். தாத்தா வந்தபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு, இந்தியக் குடிமக்கள் நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியேறலாம் என்று உரிமை தந்திருக்கிறது. நாடு விட்டு நாடு போகும்போது அந்த உரிமை நம்முடன் வருவதில்லை. அங்கே வசிப்பதற்கு அந்த நாடு அனுமதி தரவேண்டும். அது எதற்காக, எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையில் தரப்பட்டது என்பதைப் போகிறவர்கள் மட்டுமல்ல, அனுப்பிவைக்கும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஒரு கப்பல் கம்பெனியில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடிபோனபோது அவர்களுடைய காகிதங்களை எல்லாம் அடுக்கிக் கொடுத்தவன் நான்தான். அதன்பின் நம் அன்பர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்புடன் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே ஆறு பாடமாகத் தருகிறேன்.

பாடம் 1: வாசலும் வீடும்

விசா என்பது வாசலைத் திறந்துவிடும் சீட்டு. உள்ளே வந்து குடியிருப்பதற்கு உரிய தாள், வசிப்பு அனுமதி. ஜெர்மனியைப் பொறுத்தவரை இரண்டு வகை விசாக்களை நாம் பிரித்தறிய வேண்டும். சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் தருவது ஷெங்கன் விசா. அதில் எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. வேலைக்கோ, படிப்புக்கோ, குடும்பத்துடன் சேர்ந்து வாழவோ போகிறவர்கள் வாங்க வேண்டியது நேஷனல் விசா. இதை 'டி' விசா என்றும் சொல்வார்கள்.

அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டவர்கள் விசா இல்லாமலே ஜெர்மனிக்குள் போய், அங்கேயே வசிப்பு அனுமதிக்கு மனுக் கொடுக்கலாம். இந்தியர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. "டூரிஸ்ட் விசாவில் போய்விடுங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு ஏஜெண்டு நம் பகுதிக் குடும்பம் ஒன்றுக்குச் சொல்லிப் பணமும் கேட்டார். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன் என்னிடம் வந்தார்கள், பிழைத்தார்கள். இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பாடம் 2: பெயர்

நம் தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தாத்தா முருகேசன், அவர் மகன் செந்தில்நாதன், அவர் மகள் யாழினி. பள்ளிச் சான்றிதழில் மகன் பெயர் மு. செந்தில்நாதன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் முருகேசன். யாழினியின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் செந்தில்நாதன். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் தகப்பனார் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்! மகாராஷ்டிர வழக்கப்படி பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று பள்ளியில் எழுதிவிட்டால் நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

இதில் சட்ட விரோதம் ஏதுமில்லை. ஆனால் ஜெர்மன் அதிகாரிக்கு நம் இனிஷியல் வழக்கம் தெரியாது. அவர் பார்ப்பது காகிதத்தை. வசிப்பு அனுமதி அட்டையில் வரும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான். ஆகவே பாஸ்போர்ட்டை நடுவில் வைத்து, மற்ற ஒவ்வொரு தாளையும் அதனுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் இந்தியாவில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்துகொண்டு தென்காசி நகராட்சிச் சான்றிதழில் ஒரு எழுத்தை மாற்றுவது எளிதான காரியம் அல்ல.

பாடம் 3: கிளம்பும் முன் சேர்க்க வேண்டியவை

நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களின் காகிதங்கள் ஒரே ஊரில் இருப்பதில்லை. கல்யாணம் ஊரில் நடந்திருக்கும், குழந்தை மும்பையில் பிறந்திருக்கும், பட்டம் பெங்களூரில் வாங்கியிருப்பார்கள். எனவே முதலில் ஒரு தாளில் எந்தச் சான்று எந்த ஊர் அலுவலகத்தில் கிடைக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

திருமணச் சான்று: கோயிலில் தாலி கட்டிய புகைப்படமும் பத்திரிகையும் அங்கே செல்லாது. அரசுப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் மணமானவர்கள் பலர் இன்னும் பதிவு செய்யாமலே இருக்கிறார்கள்.

பிறப்புச் சான்று: குழந்தையின் பெயர் எழுதப்படாமல், 'ஆண்', 'பெண்' என்று மட்டும் உள்ள சான்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் சேர்த்த புதிய நகல் வாங்குங்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி. இந்தியா 2005-இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தது. பல நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஆனால் ஜெர்மனி இந்தியாவைப் பொறுத்து ஆட்சேபம் தெரிவித்தது. அங்குள்ள அலுவலகம் தேவை என்று கருதினால், ஜெர்மன் தூதரகத்தின் மூலம் சான்று வழங்கிய அலுவலகத்துக்கே ஆள் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லும். இதற்கு மாதங்கள் ஆகலாம். அப்போஸ்டில் முத்திரைக்குப் பணம் கட்டும் முன் அது தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மனைவி பின்னால் போவதானால் பல வகை அனுமதிகளுக்கு 'ஏ1' நிலை ஜெர்மன் மொழித் தேர்வுச் சான்று கேட்பார்கள். கணவர் ப்ளூ கார்டு வைத்திருந்தால் மனைவிக்கு இது தேவையில்லை. மனைவி ப்ளூ கார்டில் போய்க் கணவர் பின்னால் போனாலும் அப்படியே. ஆனாலும் மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறிடத்திலோ கற்றுக்கொண்டு போவது கடைக்குப் போக, குழந்தையைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் உதவும்.

பாடம் 4: இறங்கிய பிறகு

அங்கே வரிசை மாறக்கூடாது. முதலில் வீடு. வீட்டில் குடிபுகுந்த 2 வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வீட்டுக்காரர் எழுத்தில் தரும் உறுதிச் சீட்டு இல்லாமல் பதிவு நடக்காது. ஆகவே வாடகை பேசும்போதே அந்தச் சீட்டைத் தருவாரா என்று கேட்க வேண்டும். வருமான வரி எண், வங்கிக் கணக்கு எல்லாம் இந்தப் பதிவுக்குப் பின்னால்தான் ஒழுங்காக நடக்கும்.

அடுத்து வெளிநாட்டவர் அலுவலகம். டி விசா முடிவதற்கு முன்பே அங்கே வசிப்பு அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், புகைப்படம், முகவரிப் பதிவு, வேலை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு ஆகியவை முக்கியம். 2011 செப்டம்பரிலிருந்து இந்த அனுமதி பாஸ்போர்ட்டில் ஒட்டும் சீட்டாக இல்லாமல், சில்லுப் பதித்த அட்டையாக வருகிறது. 6 வயது நிறைந்த குழந்தைகளுக்கும் கைரேகை எடுப்பார்கள். கைக்குழந்தைக்கும் தனி அட்டை உண்டு.

பெரிய ஊர்களில் அந்த அலுவலகத்தில் நாள் கிடைப்பது கடினம். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. இருக்கும் அனுமதி முடிவதற்கு முன் மனுக் கொடுத்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் கருதும். அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் கேட்டு வாங்கலாம். தேதி தாண்டிய பின் கொடுக்கும் மனுவுக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. எனவே மனுக் கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

பாடம் 5: அட்டையைப் படிக்கும் முறை

அட்டை வந்ததும் பலர் பர்சில் வைத்துவிடுகிறார்கள். அதையும், உடன் வரும் இணைப்புத் தாளையும் படிக்க வேண்டும். மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, தேதி. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி அனுமதி தருவது வழக்கமில்லை. சிறு குழந்தைகளின் இந்தியப் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான். எனவே தகப்பனுக்கு ஒரு தேதி, குழந்தைக்கு வேறு தேதி இருக்கலாம்.

இரண்டாவது, எந்த அடிப்படை. வேலையின் பேரில் வந்த அனுமதி என்றால், அந்த வேலை எதிர்பாராமல் முடிந்தால் தெரிந்த 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். மனைவியின் அனுமதி முதலில் கணவருடைய அனுமதியைச் சார்ந்து நிற்கிறது. அங்கே சேர்ந்து வாழ்ந்து 3 ஆண்டு நிறைந்தபின் பிரிய நேர்ந்தால் மனைவிக்குத் தனியே தங்கும் உரிமை உண்டு. வீட்டில் வன்முறை போன்ற கொடுமை இருந்தால் 3 ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கல்யாணப் பேச்சின்போதே தெரிந்துகொண்டு, மகளிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். அவள் பாஸ்போர்ட்டும் அட்டையும் அவள் கையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, வெளியே தங்கும் நாள். சாதாரண வசிப்பு அனுமதி உள்ளவர் ஜெர்மனியை விட்டுப் போய் 6 மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அனுமதி தானே காலாவதியாகிவிடும். ப்ளூ கார்டு உள்ளவருக்கும் அவர் குடும்பத்துக்கும் 12 மாதம். நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்கு மகள் ஏழாம் மாதம் தாய்வீடு வருகிறாள். வளைகாப்பு, பிரசவம், பெயர் சூட்டல் முடிந்து, குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகட்டும் என்று நாம் நிறுத்திவைத்தால் கணக்கு ஏழு, எட்டு மாதம் ஆகிறது! அட்டையில் தேதி பாக்கி இருந்தாலும் அனுமதி போய்விடும். வரும் முன்பே அந்த அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, கூடுதல் கால அவகாசம் பெறலாம். இங்கே பிறந்த குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் 6: பெற்றோரும் நிரந்தர அனுமதியும்

"நாங்களும் அங்கே போய் இருந்துவிடலாமா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. பொதுவாக நமக்குக் கிடைப்பது 90 நாள் விசாதான். 2024 மார்ச் 1-க்குப் பின் முதன்முறையாக அனுமதி பெற்ற தகுதியுள்ள பணியாளர்கள் சிலருக்குப் பெற்றோரை அழைத்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது. ஆனால் நம் செலவுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஏற்பாடு காட்ட வேண்டும். நம் வயதில் காப்பீடு கிடைப்பதே பெரிய தடை. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பும் முடிவை இதை விசாரித்த பிறகு எடுங்கள்.

பிள்ளைகளுக்கு நிரந்தர அனுமதி உண்டு. ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்து ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் கேட்கலாம். 'பி1' நிலை ஜெர்மன் தெரிந்தால் 21 மாதமே போதும். மொழிப் படிப்பு ஆறு மாதத்தை மிச்சப்படுத்துகிறது.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் குடும்பத்துடன் உட்கார்ந்து இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

1. வீட்டில் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ன? மற்றச் சான்றுகளில் என்ன?
2. திருமணம் பதிவாகியிருக்கிறதா? எந்த ஊரில்?
3. வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது? பேரக்குழந்தையினுடையது?
4. மகள் ஊருக்கு வந்தால் எந்த நாளுக்குள் திரும்ப வேண்டும்?

நான்காவது கேள்விக்கான விடையைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதுங்கள். விதிகள் மாறக்கூடியவை, மனுக் கொடுக்கும் முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுத் தெளிவு பெறுங்கள். காகிதம் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஞாயிறு மாலையில் கோப்புடன் வரலாம். தேநீர் என் பொறுப்பு.