பொனற்றுக்குள் பூட்டிய சாமானும் கைவிரித்த காப்புறுதியும்

கேள்வி:

சட்டத்தரணி அம்மா, நான் கிளிநொச்சி வட்டக்கச்சியைச் சேர்ந்தவன். லீசிங்கில் எடுத்த 800 சிசி அல்ட்டோ கார் வைத்திருக்கிறேன். வேலை முல்லைத்தீவில். திரும்பி வர இரவாகிவிடும். பரந்தன் வீதியில் மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும், ஒட்டுசுட்டான் பக்கமாக வந்தால் யானைப் பயம். அதனால் மார்ச் மாதம் நகரத்துக் கடையொன்றில் எல்ஈடி லைற் பார் ஒன்றும் இரட்டை ஹோர்னும் வாங்கி, அவர்களைக் கொண்டே பூட்டுவித்தேன். கூலியோடு 38,000 ரூபா. பில் தரவில்லை, வங்கிக் கணக்குக்குத்தான் காசு போட்டேன். மே மாதம் ஓர் இரவு ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வரும்போது பொனற்றுக்குள் இருந்து புகை கிளம்பியது. மண் அள்ளிப் போட்டு அணைத்தோம். எஞ்சின் பக்க வயரிங் முழுக்க எரிந்துவிட்டது. முழுக் காப்புறுதி இருக்கிறது, ஜனவரியில்தான் புதுப்பித்தேன். ஆனால் "அங்கீகரிக்கப்படாத மாற்றம்" என்று ஒரு வரி எழுதி மறுத்துவிட்டார்கள். கடைக்காரர் பற்றரியில்தான் பிழை என்கிறார். கராஜில், "இந்த எஞ்சினில் காசைக் கொட்டாமல் 1000 சிசி எஞ்சின் ஒன்றை இறக்குவம்" என்கிறார்கள். நான் என்ன செய்ய?

வாசகர், வட்டக்கச்சி

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. காரில் இப்போது யாரையும் கை வைக்க விடாதீர்கள். எரிந்த வயர், றிலே, ஹோர்ன், பற்றரி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கராஜில் ஏற்கெனவே ஏதாவது கழற்றியிருந்தால் அதைக் குப்பையில் போட விடாமல் கேட்டு வாங்கி, ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பொனற்றைத் திறந்து, பற்றரியின் நேர் முனையிலிருந்து றிலே வரைக்கும், றிலேயிலிருந்து லைற் வரைக்கும் ஒவ்வொரு சாணையும் போனில் படம் எடுங்கள். நல்ல வழக்குகள் எத்தனையோ கராஜ் வாசலிலேயே செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். காரைத் திருத்திக் கழுவி, புது வயர் இழுத்து முடித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். எதனால் தீப்பிடித்தது என்று காட்ட அப்போது ஒன்றும் மிஞ்சியிராது.

படம் எடுக்கும்போது மூன்று இடங்களை நன்றாகப் பாருங்கள். பற்றரியிலிருந்து புதிதாக இழுத்த வயரில், பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் இருந்ததா? பொனற்றிலிருந்து உள்ளே சுவிச்சுக்கு வயர் போகும் இடத்தில், தகரத் துளையில் றப்பர் வளையம் போட்டிருந்தார்களா? எரிந்த செம்புக் கம்பியின் நுனியில் மணிபோல உருகி உருண்டிருக்கிறதா? 120 வாற் லைற் பார் 12 வோல்ற்றில் 10 அம்பியர் இழுக்கும். அது பெரிய சுமை இல்லை. ஆனால் பியூஸ் இல்லாத வயர் வெறும் தகர விளிம்பில் இரண்டு மாதம் உராய்ந்தால் உறை தேய்ந்து செம்பு தகரத்தில் படும். அந்தக் கணத்தில் பற்றரியின் முழு மின்னோட்டமும் அந்த ஒரு வயரால் பாயும். நம் றோட்டுக் குலுக்கலுக்கு இரண்டு மாதம் போதும். உருகிய மணி தெரிந்தால் அங்கே மின்பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரருக்கு எதிராக அது பேசும்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். ஒரு வரி மறுப்பைப் பார்த்துச் சோர வேண்டாம். அது நிறுவனத்தின் நிலைப்பாடு மட்டுமே, தீர்ப்பு அல்ல. காப்புறுதி ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒன்றையும் ஒளிக்காமல் அதியுயர் நம்பிக்கையோடு நடக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. தீக் காப்புறுதி விடயத்தில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தையே நம் நாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த வழியில் ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு புது ஒப்பந்தம். ஜனவரியில் நீங்கள் புதுப்பித்தபோது லைற் பார் காரில் இல்லை. இல்லாததை நீங்கள் மறைத்திருக்க முடியாது. ஆகவே "உண்மையை மறைத்தார்" என்ற வாதம் உங்கள் மீது ஒட்டாது.

மிஞ்சுவது ஒப்பந்தப் பத்திரத்தில் உள்ள நிபந்தனைதான். வாகனத்தில் மாற்றம் செய்தால் அறிவிக்க வேண்டும் என்றோ, மாற்றத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றோ அதில் ஒரு வாசகம் இருக்கலாம். நம்மில் அநேகர் கையில் முன்பக்கச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும், முழுப் பத்திரத்தைக் கண்டிருக்க மாட்டோம். கேட்டு வாங்குங்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள், மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதி எங்கே, தீக்கு இன்னதுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? விலக்கு வாசகம் ஒன்றைச் சொல்லித் தப்ப நினைப்பவர், சம்பவம் அந்த விலக்குக்குள் விழுகிறது என்று தானே நிரூபிக்க வேண்டும். காரில் லைற் பார் இருந்தது என்பது ஒன்று, லைற் பாரால்தான் தீப்பிடித்தது என்பது வேறொன்று. அந்த விலக்கு "மாற்றத்தால் வந்த சேதம்" என்று எழுதப்பட்டிருந்தால் இந்த வேறுபாட்டில்தான் உங்கள் கோரிக்கை நிற்கும். மாற்றத்தை அறிவிக்காவிட்டால் ஒப்பந்தமே செல்லாது என்று எழுதியிருந்தால் நிலைமை கடினம். அதை நான் மறைத்துச் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். கார் லீசிங்கில் இருப்பதால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம். கார் எரிந்தாலும் மாதக் கட்டணம் நிற்காது. ஆனால் நட்டஈடு கிடைப்பதில் உங்களைப் போலவே அவர்களுக்கும் அக்கறை உண்டு. அவர்களிடம் நேரே போய் நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் பெயரில் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும் ஒரு கடிதத்துக்கு உங்கள் பத்துக் கடிதத்தின் பாரம் இருக்கும். அனுமதி கேளாமல் சாமான் பூட்டியதற்கு அவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கண்டிக்கக் கூடும். கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் மேலிடம் வரை எழுதியும் சரிவராவிட்டால், கட்டணம் இல்லாமல் முறைப்பாட்டை விசாரிக்கக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. நீதிமன்றம் போவதானால், எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் ஆறு வருடம் தருகிறது.

கடைக்காரர் விடயத்தில் அவ்வளவு காலம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தீப்பிடித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அதிகாரசபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். சாமானை விற்றதோடு அவர்களே பூட்டியும் கொடுத்ததால் உங்கள் கை இன்னும் பலமாகிறது. செய்யும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வேன் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும், அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் இருப்பதாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமும் துணைக்கு வரும். "அல்ட்டோவுக்கு, இரவில் ஓட" என்று தேவையைச் சொல்லி, அவர்களின் அறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

பில் இல்லை என்பதை மரண அடியாக நினைக்க வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கொடுக்காதது அவர் பிழை. வங்கிச் சீட்டு உங்களிடம் இருக்கிறது. விலை பேசிய வைபர் செய்தி, அவர் அனுப்பிய குரல் பதிவு, பூட்டிய அன்று எடுத்த படம், கூட வந்த நண்பர் என்று எது இருந்தாலும் சான்றுதான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, போனில் இருப்பது செல்லாது என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. போனை மாத்திரம் மாற்றிவிடாதீர்கள்.

கடைக்காரர் மீது வழக்குப் போடுவதற்கு முன் இந்த அளவு தொகைக்கு மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது. சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். பயப்படாதீர்கள். ஒரே ஊரில் நாளை பின்னை முகம் பார்க்க வேண்டிய இரண்டு பேருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம்.

லைற் பார் சட்டப்படி சரியா என்பதைக் கேட்காமலே விட்டுவிட்டீர்கள். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' நடவடிக்கையோடு பொலிசார் நாடு முழுக்க மேலதிக லைற்றுகளையும் ஹோர்ன்களையும் கழற்றுவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். யானைக்காகத்தான் போட்டேன் என்பது உண்மையான காரணம், எனக்கு அது விளங்குகிறது. நானும் அந்த வீதியால் இரவில் வந்தவள்தான். ஆனால் எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூச வைத்து அவரை மதகுக்குள் இறக்கிவிடும் வெளிச்சத்துக்கு எந்தக் காரணமும் போதாது. திரும்பப் பூட்டாதீர்கள். காரோடு வந்த லைற்றின் மங்கிய கண்ணாடியைத் துடைத்து, சரியான வாற் பல்ப் போட்டு, மட்டம் பார்த்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கடைசியாக எஞ்சின். இதில்தான் நீங்கள் இன்னும் பெரிய குழிக்குள் விழப் பார்க்கிறீர்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. என் மாமாவின் மொறிஸ் மைனருக்குப் பொனற்றைத் திறந்து, சேலைன் குழாயால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டால்தான் ஸ்டார்ட் வரும். இருமி இருமிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றியது அந்தக் கார்தான். எந்தச் சாமான் எந்தக் காரில் ஏறியது என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு முள்ளிவாய்க்கால் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த வாகனங்களின் எஞ்சின்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. அந்தக் கைப்பழக்கம் நம் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. அந்த மெக்கானிக்குகளின் திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் இன்று உங்கள் காருக்குப் பதிவுப் புத்தகம் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சிசி அளவும் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் பழைய எஞ்சின் 796 சிசி, அவர்கள் இறக்கப் பார்ப்பது 998 சிசியாக இருக்கும். இரண்டுமே மாறுகின்றன. எயார் பில்டர் மாற்றுவது, பற்றரி மாற்றுவது போன்றதல்ல இது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு விபரம் மாறினால் ஆணையாளர் நாயகத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். முழு உரிமையாளரான லீசிங் நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அது நடக்காது. அறிவிக்காமல் ஓடினால் அடுத்த விபத்தில் காப்புறுதி மறுக்க உண்மையான காரணம் கிடைத்துவிடும். காரை விற்கும் நாளில் வாங்குபவர் இலக்கத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டச் சுங்கப் பத்திரமோ விற்பனைப் பற்றுச்சீட்டோ இல்லையென்றால், களவுப் பொருள் வைத்திருந்தீர்கள் என்ற சந்தேகமும் உங்கள் தலையில் விழலாம்.

எரிந்தது வயரிங் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் உள்ளே பழுதா என்று, எரிந்த வயர்களில் கை வைக்க விடாமல், வேறொரு மெக்கானிக்கிடம் கம்பிரஷன் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். அந்த எழுத்து காப்புறுதிக் கோரிக்கைக்கும் உதவும்.

எனக்கு அனுப்பிய வங்கிச் சீட்டின் பிரதியில் மார்ச் மாதம் தெரிகிறது, திகதி மங்கியிருக்கிறது. மூலச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதம் ஆக இன்னும் நாளிருந்தால், பாவனையாளர் அதிகாரசபைக்கான முறைப்பாட்டை நாளைக் காலையே எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழி தெரியாவிட்டால் 1977க்கு அழைத்துக் கேட்கலாம்.