வயசாயிருச்சா? முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்ப்போம்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்தது, கடன் தவணையும் முடிந்தது. தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் குழுவின் ஊக்குநர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், அடுத்த மாசத்துல இருந்து வேற யாரையாவது ஊக்குநராப் போட்டுருங்க. எனக்கு வயசாயிருச்சு. மூளை முன்ன மாதிரி வேலை செய்யல."

அவருக்கு வயது 44. பன்னிரண்டு வருடமாக ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதியவர். என்ன ஆச்சு என்று கேட்டேன். மூன்று மாதத்தில் இரண்டு தடவை ரொக்கப் புத்தகமும் கையிருப்பும் பொருந்தவில்லையாம். ஒரு தடவை 50 ரூபாய் குறைந்தது, இன்னொரு தடவை 500 ரூபாய். யாரிடமும் சொல்லாமல் தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார். "நான் எடுத்துட்டேன்னு நினைச்சுருவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பழைய பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். 350 என்று எழுதியிருந்ததை 850 என்று வாசித்தார். பக்கத்தில் இருந்த ஒரு அக்காவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டோம். "அட, இது மூணு!" என்றார். குழுவே சிரித்தது.

மூளைக்கு ஒன்றுமில்லை. கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கே கூட்டலைத் திருத்தி, தீர்மானம் போட்டு, அவருடைய 550 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடியை மாட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் பணமும் போயிருக்கும், பொறுப்பும் போயிருக்கும், ஒரு நல்ல ஊக்குநரின் தன்னம்பிக்கையும் போயிருக்கும்.

அதனால்தான் இந்த மாதப் பாடம் இதைப் பற்றி.

உங்களுக்கு முதலில் எப்போது தோன்றியது?

அதற்குப் பிறகு போன கூட்டங்களில் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "நமக்கு வயசாகுதுன்னு முதல் முதல்ல எப்பத் தோணுச்சு?" முதலில் சிரிப்பு, அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"ஊசியில நூல் கோக்க முடியல. மகளைக் கூப்பிட்டேன், அவ ஒரே தடவையில கோத்துட்டா."

"மார்கழியில 21 புள்ளி வச்சுக் கோலம் போடுவேன். போன வருஷம் 9 புள்ளிக்கே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டேன்."

"பஸ்ஸுல ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சு 'உக்காருங்க பாட்டி'ன்னுச்சு. உக்காரவும் மனசு இல்ல, நிக்கவும் முடியல."

"துணிக்கடையில ரோஸ் கலர் சேலையைக் காட்டுன்னா, அந்தப் பையன் சாம்பல் கலரை எடுத்துப் போடுறான். 'உங்க வயசுக்கு இதுதாம்மா நல்லா இருக்கும்'ங்கிறான்."

"தண்ணிக் குடத்தைத் தூக்கப் போனேன். மகன் 'நீ வை, நான் தூக்குறேன்'னு வாங்கிக்கிட்டான். சந்தோஷமாவும் இருந்துச்சு, என்னமோ மாதிரியும் இருந்துச்சு."

"எங்க அம்மாவுக்குப் பதினாறாம் நாள் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க. இனிமே இந்த வீட்டுல நான்தான் மூத்தவ. அன்னைக்குத்தான் தோணுச்சு."

என்னையும் விடவில்லை. "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார்கள். எனக்கு 37 வயது. போன வருடம் களப்பணிக்கு வந்த கல்லூரி மாணவிகள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டார்கள். நான் இதே அலுவலகத்துக்கு மாணவியாக வந்தது நேற்று மாதிரி இருக்கிறது. அவர்கள் முன்னால் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

ஒருவர் மட்டும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, பாயைச் சுருட்டும் சாக்கில் நின்றுகொண்டு கேட்டார்: "மேடம், எனக்குத் தீட்டு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அஞ்சு மாசமா மறுபடி படுது. வயசானா இப்படித்தான் இருக்குமா?"

சகோதரிகளே, நூலும் கோலமும் தீட்டும் எல்லாம் நம் வாயில் "வயசாயிருச்சு" என்ற ஒரே சொல்லாக வருகிறது. ஆனால் எல்லாம் ஒன்றல்ல. முறத்தில் போட்டுப் புடைத்தால் மூன்று குவியலாகப் பிரியும்.

முதல் குவியல்: இது வயதுதான்

கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளவயதில் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது வடிவத்தை மாற்றிக்கொள்ளும். 40 வயதை ஒட்டி அது இறுகத் தொடங்குகிறது. அதனால்தான் அரிசியில் கல் தெரிவதில்லை, மாத்திரை அட்டையில் தேதி தெரிவதில்லை. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இது வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கண்ணாடி போடாமல் இருந்தால் கூலியே குறையும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்து, 2018-ல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு முதலிலேயே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். அவர்கள் பறிக்கும் இலையின் அளவு, கண்ணாடி இல்லாதவர்களைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது. தையல், பூ கட்டுதல், பீடி சுற்றுதல், களை எடுத்தல் செய்யும் நம் உறுப்பினர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கடையில் மாட்டிப் பார்த்து வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். கண் முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்யுங்கள். கண் நீர் அழுத்தம் வலி இல்லாமலேயே பார்வையைத் தின்றுவிடும். பரிசோதித்தால்தான் தெரியும்.

மாதவிலக்கு நிற்பதும் இந்தக் குவியல்தான். பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் நடக்கும். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். உடம்பு குப்பென்று சூடாகி வேர்ப்பது, தூக்கம் கெடுவது, காரணம் இல்லாமல் எரிச்சல் வருவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. "கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று வீட்டில் சொன்னால் அது தவறு. இதற்குப் பிறகு எலும்பு வேகமாகத் தேயும். கேழ்வரகு, கீரை, மோர், வெயில், நடை எல்லாம் அவசியம்.

இரண்டாவது குவியல்: இது வயதல்ல, நோய்

இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகை பற்றிப் பாடம் எடுப்பவள் நான். என் அம்மா இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோது, "வயசாச்சுல்லம்மா, மெதுவா ஏறு" என்று சொன்னவளும் நான்தான். அவருக்கு அப்போது 58 வயது. ஒருநாள் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். ரத்தம் பார்த்தால் 6.4 கிராம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. சிகிச்சைக்குப் பிறகு அதே படியில் நிற்காமல் ஏறுகிறார். வயது குறையவில்லை, நோய்தான் போயிருக்கிறது.

ஆகவே கீழே உள்ளவற்றை வயதின் கணக்கில் எழுதாதீர்கள்.

1. தீட்டு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டிய அறிகுறி இது.

2. தீராத அசதி, மூச்சிரைப்பு. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயம் எதுவாகவும் இருக்கலாம். ரத்தம் குறைவு என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல், ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள்.

3. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது, கர்ப்பப்பை இறங்கியது போன்ற உணர்வு. பல பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியும் சிகிச்சையும் உண்டு.

4. மார்பில் கட்டி, ஆறாத புண், காரணமில்லாமல் எடை குறைவது.

5. திடீரென்று வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது. இது பக்கவாதம். காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைக்காமல் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.

30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்குப் பரிசோதனை உண்டு. தனியாகப் போகக் கூச்சம் என்றால் குழுவாகப் போங்கள்.

மூன்றாவது குவியல்: இது ஊர் வாய்

சாம்பல் கலர் சேலை இந்தக் குவியல். "இந்த வயசுல உனக்கு எதுக்கு தையல் பயிற்சி", "பேரன் பேத்தி எடுத்தவளுக்கு எதுக்குக் கடன்" என்பதும் இதே குவியல். இது உடம்பிலிருந்து வருவதல்ல. காற்றில் பதர் பறப்பது போல் விட்டுவிடலாம்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 58. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோடு ஆரம்பித்தார். இளவயதிலேயே முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். 58 வயதில் "போதும்" என்று அவர் உட்காரவில்லை.

வயதுக்குச் சில கதவுகள் உண்டு

முதல் அறிகுறியைக் கவனிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பணம்.

அடல் பென்ஷன் திட்டம் 2015-ல் வந்தது. 18 முதல் 40 வயது வரைதான் சேரலாம். 60 வயதில் மாதம் 1,000 ரூபாய் பென்ஷன் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்ந்தவருக்கு மாதம் 42 ரூபாய், 30 வயதில் 116 ரூபாய், 39 வயதில் 264 ரூபாய். வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேமிப்புக் கணக்கு இருந்தால் சேரலாம். 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுபவர்கள் மட்டும் சேர முடியாது. கவனியுங்கள்: கண்ணில் வெள்ளெழுத்து வருகிற வயதில் இந்தக் கதவு மூடுகிறது. ஆகவே உங்களுக்கு இல்லாவிட்டாலும் மகளுக்கு, மருமகளுக்குச் சொல்லுங்கள்.

பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். ஆதரவற்ற முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது.

இதற்கெல்லாம் பெரும்பாலும் ஆதாரில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். நம்மில் பலருக்கு அன்றைக்குத் தோராயமாகப் போட்ட வயதுதான் இருக்கிறது. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தவறு என்றால் பள்ளிச் சான்றிதழ் போன்ற ஆவணத்தோடு இப்போதே திருத்துங்கள். பிறந்த தேதியைத் திருத்த பொதுவாக ஒரு முறைதான் அனுமதி. எனவே சரியாகப் பார்த்துக் கொடுங்கள்.

குழு செய்ய வேண்டியவை

குழுப் பெட்டியில் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கண்ணாடி வையுங்கள். கணக்கு எழுதுபவருக்கும், கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பார்க்க விரும்புபவருக்கும் உதவும்.

கண்ணாடி, பரிசோதனைச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுங்கள்.

ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பைச் சுழற்சியில் மாற்றுவது நல்லது. ஆனால் "வயசாயிருச்சு" என்று யாராவது விலகினால் உடனே தீர்மானம் எழுதாதீர்கள். என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்களுக்கு வயதாகிறது என்று முதலில் எப்போது தோன்றியது? அது எந்தக் குவியல்?
2. நம் வீட்டில் யாருடைய நோயை "வயசு" என்று சொல்லி விட்டுவிட்டோம்?
3. நம் குழுவில் 40 வயதைத் தொடப்போகிறவர்கள் யார் யார்?

முடிக்கும் முன் ஒரு செய்தி. பாய் சுருட்டிக்கொண்டே கேட்ட அந்தச் சகோதரியை மறுநாளே குழுவில் இரண்டு பேர் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். கர்ப்பப்பைக்குள் சதை வளர்ந்திருந்தது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. "இன்னொரு தடவை பட்டா அடுத்த நாளே வரணும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஔவையார் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினார் என்று கதை சொல்வார்கள். நாம் யாரும் கேட்டு வாங்குவதில்லை, அது தானாக வருகிறது. வரும்போது வாசலில் நிறுத்தி, "நீ வயசா, நோயா, ஊர் வாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே விடுவோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.