விண்ணிலிருந்து ஓர் ஏரி

நுழையும்முன்

ஓர் ஏரியின் நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று அளந்து சொல்வது முன்பெல்லாம் நில அளவையாளருக்கே உரிய பணியாக இருந்தது. இன்று கணினியும் இணையமும் வாய்த்த பள்ளி மாணவரும் அதனைச் செய்ய இயலும். அதற்கு வேண்டிய செயற்கைக்கோள் படங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்தது முதன்மையான காரணமாகும். புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 2018 ஜூனில் நீர் விரிந்திருந்த அந்த ஏரி, ஓராண்டுக்குள் மண் வெளியாக மாறியதைக் காட்டிய செயற்கைக்கோள் படங்கள் உலகெங்கும் பார்க்கப்பட்டன. திரையில் ஒரு படத்தைக் காண்பது வேறு. அளப்பதற்குரிய தரவாக அதனைப் பெறுவது வேறு. வரைபடம் உருவாக்க விரும்புவோர்க்கு வேண்டியது இரண்டாவது.

திறக்கப்பட்ட களஞ்சியம்

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அன்று தொடங்கிய படத்தொடர் இன்றுவரை அறுபடவில்லை. ஆயினும் நெடுங்காலம் அப்படங்கள் விற்பனைப் பொருளாகவே இருந்தன. லேண்ட்சாட் 7 எடுத்த படம் ஒன்றின் விலை 600 டாலர். ஐந்து ஆண்டுகளின் மாற்றத்தை ஆராய விரும்பிய ஆய்வாளர் ஐந்து படங்களுக்கு விலை கொடுக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் பலருக்கு அது எட்டாத தொகை. 2008இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை தன் களஞ்சியத்தை விலையின்றித் திறக்கும் முடிவை அறிவித்தது. அதுவரை மிகுதியாக விற்ற ஆண்டிலும் ஏறத்தாழ 25,000 படங்களே விற்றிருந்தன; பின்னர் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவிறக்கம் செய்யப்பட்டன. ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள்களின் படங்களும் பொதுப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றியே வழங்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் தளம் 2009 முதல் இயங்குகிறது. இந்தியச் செயற்கைக்கோள்களின் தரவுகள் சிலவற்றை அங்கும் விலையின்றிப் பெறலாம்.

தேடலும் தெரிவும்

லேண்ட்சாட் படங்களைத் தேட எர்த் எக்ஸ்புளோரர் என்னும் இணையதளம் உதவுகிறது. கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டு, வரைபடத்தில் இடத்தையும் அதன்பின் நாள்வரம்பையும் குறிக்க வேண்டும். லேண்ட்சாட் உலகப்பரப்பைத் தடம், வரிசை என இரு எண்களால் பகுத்து வைத்துள்ளது. சென்னைப் பகுதி 142ஆம் தடத்தில் 51ஆம் வரிசையில் அமைகிறது. ஒரு படம் ஏறத்தாழ 185 கி.மீ. அகலத்தை உள்ளடக்கும்.

புதியவர் தடுமாறும் இடம் மேகம். ஒவ்வொரு படத்துக்கும் மேகமூட்ட விழுக்காடு தரப்பட்டிருக்கும். அது முழுப்படத்துக்கும் உரிய கணக்கு. நாற்பது விழுக்காடு மேகமுள்ள படத்தில் ஏரி தெளிவாகத் தெரியக்கூடும். ஐந்தே விழுக்காடு உள்ள படத்தில் அந்த மேகம் ஏரியின் மீதே கவிந்திருக்கவும் கூடும். எண்ணை நம்பிப் படத்தை ஒதுக்காமல், முன்னோட்டப் படத்தைத் திறந்து பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். முழுப்படத் தொகுப்பின் அளவு பெரிது. இணைய வேகம் குறைந்த ஊர்களில் தேவையான பட்டைகளை மட்டும் தனித்தனியே இறக்கிக்கொள்வது நலம். வளிமண்டலத்தின் விளைவு திருத்தப்பட்ட இரண்டாம் நிலைத் தரவே ஆண்டுகளை ஒப்பிட ஏற்றது.

2003 மே 31 முதல் லேண்ட்சாட் 7இன் படங்களில் கோடுகோடாக இடைவெளிகள் காணப்படும். செயற்கைக்கோளின் வருடுகோடு திருத்தும் கருவி பழுதுற்றதே காரணம். இறக்கியவர் செய்த பிழையன்று.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. பசுந்தாவரம் அதனை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆதலின் அப்பட்டையில் ஏரி கருமையாகவும் கரையோர வயல்கள் ஒளிமிக்கும் தோன்றும். கியூஜிஐஎஸ் என்னும் கட்டணமற்ற மென்பொருளில் லேண்ட்சாட் 8இன் 5, 4, 3 ஆகிய பட்டைகளை முறையே சிவப்பு, பச்சை, நீலம் என அமைத்தால் வயல் செந்நிறம் பெறும். நீரின் எல்லை தெளிவாகப் பிரியும்.

இப்பட்டைகளில் லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நீராக வகைப்படும் புள்ளிகள் ஆயிரம் எனில் நீர்ப்பரப்பு 90 எக்டேர். சென்டினல் 2இன் 10 மீட்டர் பட்டைகளில் ஒரு புள்ளி 100 சதுர மீட்டரே. எனவே சிற்றூர்க் குளத்துக்கு அதுவே பொருந்தும். ஆனால் 1990ஆம் ஆண்டில் அக்குளம் இருந்த நிலையைச் சென்டினலிடம் கேட்க இயலாது. அதற்கு லேண்ட்சாட்டையே நாட வேண்டும்.

ஒப்பீட்டின் நேர்மை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரிப் படத்தையும் கோடையின் ஜூன் படத்தையும் அருகருகே வைத்து ஏரி அழிந்துவிட்டது என்று கூறுவது தவறு. மழைக்குப் பின் ஏரி நிறைவதும் கோடையில் வற்றுவதும் இயல்பு. ஒரே பருவத்துப் படங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு எடுத்தாலும் ஐயம் தீர்ந்துவிடாது. ஆகாயத்தாமரை படர்ந்த நீர்ப்பரப்பு படத்தில் தாவரமாகவே தோன்றும். அங்கே ஏரி சுருங்கியதாகக் கணக்கு பொய் சொல்லும். மழை குறைந்து வற்றிய ஏரியையும் மண் கொட்டித் தூர்க்கப்பட்ட ஏரியையும் ஒரே ஒரு படத்தைக்கொண்டு பிரித்தறிவது அரிது. நல்ல மழை பெய்த ஆண்டுகள் பலவற்றின் படங்களை அடுக்கிப் பார்க்கும்போது, எந்த ஆண்டிலும் நீர் திரும்பாத மூலை எது என்பது புலனாகும். அந்த மூலையின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, வரைபடம் வரைந்தவர் ஏரிக்கரைக்கு நேரில் சென்று பார்த்துவர வேண்டும்.